ஏலத்தில் எடுத்த பிள்ளை

கிராஞ்சிச் சமையல்கூடத்துக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே இரும்பு லாக்கரில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். கூடவே மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி. தலைக்கு வலை, வாய்க்கு மூடி, கைக்கு உறை, காலுக்கு வெள்ளை ரப்பர் பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றால் பெண்களைக் கண்ணை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். அற்புதமேரியின் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். கம்பெனி வேன் ஃபேரர் பார்க்கில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழே வந்து அவளை ஏற்றிக்கொள்ளும்போது முதல் பேருந்துகூடப் புறப்பட்டிருக்காது.

அவர்கள் கட்டும் பொட்டலங்கள் துவாஸ் தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மத்தியானச் சாப்பாடு. விடிவதற்குள் லாரியில் ஏறிவிட வேண்டும். ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய் வெயில் உச்சிக்கு வந்த பிறகு பிரிப்பார்கள். அந்த லாரி போனதும் அடுத்த லாரிக்கு இரவுச் சாப்பாடு. சோற்றை அமுக்காமல் பரப்பி, ஓரத்தில் முட்டைக்கோஸ் பொரியல், மேலே ஒரு துண்டு மீன். சாம்பார் தனிப் பையில். பையைச் சுழற்றி ரப்பர் வளையம் போடும்போது விரல் நுனியெல்லாம் சுடும்.

"கொதிக்கக் கொதிக்கக் கட்டாதீங்க. நேத்தும் துவாஸ்லேர்ந்து கம்ப்ளெய்ன்ட். மத்தியானத்துக்குள்ள ஊசிப் போச்சாம்" என்று மேற்பார்வை பார்க்கும் மருதப்பன், அன்று இரண்டாவது லாரிக்குக் கட்டிக்கொண்டிருந்த வரிசைக்குப் பின்னால் நடந்துகொண்டே கத்தினார்.

"ஆறவச்சுக் கட்டுனா லாரி போயிரும்ங்கிறீங்க. கொதிக்கக் கட்டுனா ஊசிப் போகுதுங்கிறீங்க. நீங்களே வந்து ஒரு ஊது ஊதிக் குடுங்கண்ணே" என்றாள் பக்கத்தில் நின்ற சந்திரமதி.

"உனக்கு வாய் மட்டும் ஓவர்டைம் பாக்குது."

"அதுக்கும் சேத்துச் சம்பளம் போடுங்க லா."

வரிசையே சிரித்தது. அற்புதமேரியும் வாய்மூடிக்குள் சிரித்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் லாக்கருக்குள் அவள் கைபேசி அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. யாருக்கும் கேட்கவில்லை.

மத்தியானம் பூட்டைத் திறந்தபோது திரை முழுக்கப் பள்ளிக்கூடத்து எண். அதற்கு மேலே நாத்தனார் கேட்லினிடமிருந்து ஒரு செய்தி: பயப்படாதே, ஈவா என்னோடு இருக்கிறாள், பள்ளியோடு நான் பேசிவிட்டேன்.

பயப்படாதே என்று ஒருவர் சொன்ன பிறகு எப்படிப் பயப்படாமல் இருப்பது? ஒன்பது வயதுப் பிள்ளை. காய்ச்சலா, விழுந்துவிட்டாளா? திரும்ப அடித்தால் கேட்லின் எடுக்கவில்லை. கிராஞ்சியில் பேருந்துக்கு நிற்பது ஒரு தவம். மழை வேறு பிடித்துக்கொண்டது. நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழே நின்றபடி, பள்ளிக்கூடம் தன்னைத் தேடிய நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தாள். சாம்பார் கட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்து, அந்தச் சிரிப்பின் மேல் அவளுக்கு வெறுப்பு வந்தது.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கேட்லினிடம் ஒரு சாவி உண்டு. ஈவா பள்ளிச் சீருடையோடு தரையில் உட்கார்ந்து பிராட்டாவைச் சீனியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். உடம்பில் காயமில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சூடில்லை. அப்புறம்தான் அற்புதமேரிக்கு மூச்சு வந்தது.

"ரூமுக்குப் போ கண்ணா. அத்தை அம்மாகிட்ட டாக் பண்ணணும்" என்றாள் கேட்லின். வங்கியில் பெரிய பதவி. வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. ஈவா தட்டோடு எழுந்து போனாள்.

"என்ன மதினி, என்ன ஆச்சு?"

"நீதான் சொல்லணும். ஸ்கூல் கவுன்சலர்கிட்ட இவ சொல்லியிருக்கா, மை மதர் சோல்ட் மீ-ன்னு."

அற்புதமேரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்புதான் வந்தது. "அந்தோணியார் கோயில் ஏலத்தச் சொல்லியிருக்கா."

"நீ சிரி. அவங்க சிரிக்கல. குழந்தை விக்கிறதுன்னா இங்க என்னன்னு தெரியுமா? கவுன்சலர் உடனே சைல்ட் வெல்ஃபேருக்கு ரிப்போர்ட் பண்ணிட்டாங்க. அதுக்கு முன்னாடியே இவ கிளாஸ்ல தூங்குறா, லேட்டா வர்றான்னு டீச்சர் எழுதி வச்சிருக்காங்க. எல்லாம் சேந்துபோச்சு. உன் ஃபோன் அடிச்சா நீ எடுக்கல. எமர்ஜென்சி காண்டாக்ட்ல அடுத்தது நான். ஆபீசர் என்கிட்ட அரைமணி நேரம் பேசினாங்க."

"என்ன சொன்னீங்க?"

"ட்ரூத் சொன்னேன். அப்பா புருணைல ஆயில் பிளாட்ஃபார்ம்ல இருக்கான், அம்மா விடியறதுக்கு முன்னாடி போயிடறா, புள்ள தனியா எந்திரிச்சு தனியா போகுதுன்னு. பொய்யா?"

பொய்யில்லை.

"ஏலத்தப் பத்தி?"

"ஊர்ல ஏதோ பிரேயர் மாதிரி செய்வாங்கன்னேன்." கேட்லின் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல மீட்டிங். நானும் வர்றேன். அதுவரைக்கும் அவ என் வீட்ல இருக்கலாம்னு ஆபீசரே சொன்னாங்க."

"இங்கதான் இருப்பா."

"மேரி, நான் நல்லதுக்குச் சொல்றேன்."

"நல்லது மதினி. மழை விட்டிருச்சு, நீங்க கெளம்புங்க."

திருமணமாகி வந்த நாளிலிருந்து இந்த நாத்தனாரிடம் அற்புதமேரி இப்படிப் பேசியதில்லை.

சாயங்காலம் சம்பல் செய்யலாம் என்று இக்கான் பிலிஸ் நெத்திலிக் கருவாட்டை முறத்தில் கொட்டினாள். மகளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சின்னச் சின்ன மீன் தலைகளைக் கிள்ளிப் போட ஆரம்பித்தாள். இந்த வேலை ஈவாவுக்குப் பிடிக்கும். கீழே திடலில் பையன்கள் ஈரத்தில் பந்து விளையாடும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஸ்கூல்ல என்ன சொன்ன?"

"கேள்விதான் கேட்டேன் மா. ஒருத்தங்கள ஏலத்துல வாங்கிட்டா, எப்ப வேணாலும் வந்து எடுத்துட்டுப் போகலாமான்னு. மிஸ் டான் யாரை வாங்கினாங்கன்னு கேட்டாங்க. என்னைன்னு சொன்னேன்."

"அத்தை எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு நெனச்சியா?"

ஈவா ஒரு தலையைக் கிள்ளினாள். "அத்தை நல்லவங்க. ஆனா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நீ என் ப்ராப்பர்ட்டி, உங்கம்மா இன்னும் திருப்பி வாங்கல, ஒருநாள் வந்து எடுத்துட்டுப் போயிடுவேன்னு."

"அதை ஏன்டி என்கிட்ட கேக்கல?"

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

"எப்பவுமா தூங்குறேன்?"

"இல்ல... டயர்டா இருப்பீங்க."

"மிஸ்கிட்ட மட்டும் ஏன் சொன்ன?"

"அவங்க கேட்டாங்க மா."

குற்றம் சொல்லும் குரலே இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் அற்புதமேரியை அடித்தது. தானும்தான் தினம் கேட்கிறாள்: சாப்பிட்டியா, வீட்டுப்பாடம் முடிச்சியா, பல் தேச்சியா. பதில் முன்பே தெரிந்த கேள்விகள். பதில் தெரியாத ஒன்றைப் பிள்ளையிடம் கடைசியாக எப்போது கேட்டோம்? யோசித்துப் பார்த்தாள். மீன் முள் விரலில் குத்தியதுதான் மிச்சம்.

"சரி, சொல்றேன் கேளு" என்றாள். "நீ பொறந்தப்ப ரொம்பச் சின்னது. மூச்சு விட மறந்துருவ. மெஷின் கத்தும், நர்ஸ் ஓடி வந்து உன் பாதத்தச் சுண்டுவாங்க, அப்புறம் விடுவ. நான் அந்தோணியாருக்கு நேந்துக்கிட்டேன். இது பொழச்சா உன் புள்ள, உன் காலடியில வச்சு ஏலம் விட்டுத்தான் எடுத்துக்குவேன்னு. நீ பொழச்ச. ஊருக்குக் கொண்டுபோனோம். கோயில் உபதேசியார் உன்னத் தூக்கிப் பிடிச்சு ஏலம் கூறுனாரு. எங்க மாமா ஒருத்தர் கேட்டாரு. உங்க அத்தை சும்மா வேடிக்கை பாக்க வந்தவங்க, அவங்களும் கேட்டாங்க. மாமா ஏத்த, அத்தை ஏத்த, ஊரே கைதட்டுது. கடைசியில அத்தைதான் எடுத்தாங்க. காணிக்கை உண்டியல்ல போட்டாங்க. உன்ன வாங்கி என் மடியில வச்சாங்க. அதோட முடிஞ்சுது."

"பணம் சாமிக்குப் போச்சா?"

"ஆமா."

"அப்ப அத்தை ஏன் இன்னும் சொல்றாங்க?"

அற்புதமேரியிடம் இதற்குப் பதில் இருந்தது. பிள்ளையிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல. அன்று மடியில் வைத்தது உடனே அல்ல. கேட்லின் குழந்தையைக் கீழே விடாமல் அந்த மத்தியானம் முழுக்க வேப்பமரத்தடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பால் குடிக்க அழுதபோதுதான் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வெறுங்கையைப் பார்த்தபடி நின்ற நாத்தனாரின் முகம் அற்புதமேரிக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த முகத்துக்காகத்தான் இத்தனை வருடமாக அவள் பேச்சையெல்லாம் கேலி என்று தள்ளிக்கொண்டு வந்தாள். பாவப்பட்டுப் பொறுத்துக்கொண்டது இவள். பயந்துகொண்டிருந்தது பிள்ளை.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கணவன் ஆர்னால்ட் புருணையிலிருந்து கூப்பிட்டான். பின்னால் கடல்காற்று இரைந்தது.

"அக்கா எல்லாம் சொல்லிச்சு. கொஞ்ச நாள் அங்க இருக்கட்டுமே மேரி. கொண்டோ, பூல் எல்லாம் இருக்கு. உனக்கும் ரெஸ்ட்."

"உங்க அக்கா ஏலம் எடுத்தாங்க, நீங்க டெலிவரி பண்றீங்களாக்கும்."

"கவர்மென்ட்டோட மோதாத. சொன்ன எடத்துல சைன் போட்டுட்டு வா."

"நீங்க பத்திரமா இருங்க. சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை பொட்டலம் கட்டும்போது சந்திரமதியிடம் சொன்னாள். சந்திரமதி கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அழு. நல்லா அழு. பொம்பள அழுதா ஆபீசருக்கும் மனசு எளகும். தெரியாமப் பண்ணிட்டேன், படிக்காதவன்னு சொல்லு."

"பன்னெண்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்."

"ஏன்டி, அதையா இப்பப் போய்ச் சொல்லப் போற?"

மருதப்பன் வந்து நின்றார். "நாளைக்கு லீவு கேட்டியாமே மேரிம்மா. வெள்ளிக்கிழமை டபுள் ஆர்டர்."

"புள்ள விஷயம்ண்ணே. லீவு குடுத்தாலும் போவேன், குடுக்காட்டியும் போவேன். குடுத்தா உங்களுக்கு மரியாதை."

"பாத்தியா, இவளும் உன்கூட நின்னு நின்னு வாய் வளத்துட்டா" என்று சந்திரமதியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். லீவு கிடைத்தது.

பள்ளியில் குளிரூட்டிய சின்ன அறை. நீள மேசையின் அந்தப் பக்கம் ஆலோசகர் மிஸ் டான், குழந்தை நல அதிகாரி ரபியா. இந்தப் பக்கம் கேட்லின் முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். தவக்காலம் என்பதால் காலையில் வெறும் கோப்பியோடு வந்திருந்த அற்புதமேரிக்கு வயிறு இரைந்தது. ஈவா வகுப்பில் இருந்தாள்.

ரபியாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முக்காடிட்ட முகத்தில் களைப்பு தெரிந்தது. நல்ல தமிழ் பேசினாள். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் மேடம். இது விசாரணை மாதிரி பயப்படாதீங்க. ஸ்கூலும் நாங்களும் சேந்து ஈவாவுக்கு எது பாதுகாப்புன்னு பாக்குறோம். அவ்வளவுதான்."

"எம்புள்ளயப் பத்தி யார் யாருக்குத் தெரியும்?"

ரபியா கொஞ்சம் தயங்கினாள். "கிளாஸ் டீச்சர், மிஸ் டான், வைஸ் பிரின்சிபல். அப்புறம் நான், என் சூப்பர்வைசர்."

"அப்புறம் மதினி. கடைசியா நான்."

"உங்களுக்கு ஃபோன் பண்ணோம்."

"லாக்கர்ல இருந்துச்சு. நான் எங்கயும் ஓடிப் போகல. துவாஸ்ல உள்ளவங்களுக்குச் சோறு கட்டிட்டிருந்தேன். மத்தியானம் எடுத்திருப்பேன். மத்தியானம் வரைக்கும் உங்களால பொறுக்க முடியல. ஆனா கிளாஸ்ல தூங்குறான்னு போன டெர்ம்லேர்ந்தே எழுதி வச்சிருக்கீங்க. அதுக்கு ஒரு நாள்கூட அடிக்கலியே, ஏன்?"

மிஸ் டானுக்கு ரபியா மொழிபெயர்த்தாள். மிஸ் டான் முகம் சிவந்தது. முதலில் கவனித்துப் பார்ப்பது, பிறகு தகவல் திரட்டுவது, பெற்றோரைப் பதற வைக்காமல் இருப்பது என்று ஆங்கிலத்தில் மெதுவாக விளக்கினாள். கெட்ட பெண் அல்ல. அது அற்புதமேரிக்கு அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. கெட்டவளாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"இப்ப எங்க ஐடியா இதுதான்" என்றாள் ரபியா. "வாரநாள்ல ஈவா அத்தை வீட்ல இருக்கட்டும். சனி ஞாயிறு உங்ககிட்ட. அடுத்த ரிவ்யூ வரைக்கும். நீங்க சம்மதிச்சா கோர்ட் எதுவும் இல்ல."

"சம்மதிக்கலன்னா?"

"மேல என்ன பண்றதுன்னு நாங்க பாக்கணும்." ரபியா குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு முக்கியமான கவலை அந்த வாங்கின விஷயம். ரிப்போர்ட்ல இந்தியாவுல ஒரு உறவினர் பணம் குடுத்து வாங்கினதா இருக்கு. அந்த உறவினர் யாரு, இப்ப எங்க இருக்காங்க, ஈவாவோட கான்டாக்ட் இருக்கா? அதுவரைக்கும் அவ பாதுகாப்பா ஒரு இடத்துல இருக்கணும், இல்லையா?"

அற்புதமேரி நாத்தனார் பக்கம் திரும்பினாள். கேட்லின் தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, நீங்க சொல்லுங்க."

கேட்லின் வாரை விரலில் சுற்றினாள்.

"நீங்க சொல்லிட்டீங்கன்னுதான் நெனச்சேன்." அற்புதமேரி ரபியாவைப் பார்த்தாள். "வாங்குன உறவினர் இதோ இருக்காங்க. யார்கிட்டேயிருந்து காப்பாத்தணும்னு நெனைக்கிறீங்களோ, அவங்க வீட்டுக்குத்தான் புள்ளய அனுப்பச் சொல்றீங்க."

"யா அல்லாஹ்" என்றாள் ரபியா. அதிகாரியின் குரலில் அல்ல. சட்டென்று மிஸ் டான் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டாள். மிஸ் டான் கண்ணாடியைக் கழற்றினாள். வாங்கியது யார் என்று பிள்ளை பேரைச் சொன்னாள்தான். உறுதியாகத் தெரியும்வரை பெயர்களை வெளியே அனுப்பக் கூடாது என்பது விதி. அதனால் 'ஓர் உறவினர்' என்று மட்டும் போட்டேன், என்றாள். தேவையானதை மட்டும் பகிர்வது என்ற அந்தக் கவனத்தில் தேவையான ஒன்றே ஒன்று விட்டுப்போயிருந்தது.

"நான் ஜோக்குக்குச் சொன்னேன் லா" என்றாள் கேட்லின். கண்கள் நிறைந்துவிட்டன. "அவ மேல எனக்கு உசுரு. மேரிக்குத் தெரியும்."

"தெரியும் மதினி."

ரபியா பெருமூச்சு விட்டாள். கணினியை இழுத்து முன்னால் வைத்தாள். "சரி. அப்ப இது ஊர் வழக்கத்துல ஒரு சின்ன விளையாட்டு மாதிரி. யாரும் சீரியஸா செய்யல. அப்படித்தானே மேடம்? நீங்க அப்படிச் சொன்னா இந்தப் பகுதிய நான் இன்னைக்கே முடிச்சிடுவேன்."

வாசல் திறந்து விட்டதுபோல் இருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சந்திரமதி சொன்னதும் இதைத்தான், ஆர்னால்ட் சொன்னதும் இதைத்தான். மூச்சை மறந்துவிடும் அந்த ஒரு கைப்பிடி உடம்பைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த ராத்திரிகள் அவள் நெஞ்சில் வந்து நின்றன. அங்கே அவள் விளையாடவில்லை.

"இல்ல மேடம்" என்றாள். "விளையாட்டு இல்ல. நான் நெசமாத்தான் குடுத்தேன். என் கையால முடியல, நீ வச்சுக்கன்னு சாமிகிட்ட குடுத்தேன். ஏலம் விளையாட்டில்ல, மதினி சொன்னதுதான் விளையாட்டு. அது புள்ளைக்கு எப்படி இருந்துச்சுன்னு யாரும் கேக்கல, நானும் கேக்கல. நீங்க எழுதுறதா இருந்தா இத எழுதுங்க. கோர்ட்டுக்குப் போனாலும் அங்கயும் இதத்தான் சொல்வேன்."

ரபியாவின் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே நின்றன.

"நான் ஈவாகிட்ட தனியா பேசிட்டு வர்றேன்" என்று ரபியா எழுந்து போனாள். அவள் திரும்பி வரும்வரை அந்த அறையில் கேட்லினும் அற்புதமேரியும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மிஸ் டான் தண்ணீர் ஊற்றி இருவர் முன்னாலும் வைத்தாள்.

திரும்பி வந்த ரபியா உட்காராமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒருநாள் காலையில நீங்க வேலைக்குப் போனப்புறம் அத்தை சாவி போட்டுத் திறந்து வந்திருக்காங்க. பிரேக்ஃபாஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போக."

"சர்ப்ரைஸா" என்றாள் கேட்லின் மெல்ல.

"தூங்கிட்டிருந்தவளத் தட்டி எழுப்பி, என் ப்ராப்பர்ட்டிய எடுக்க வந்தேன்னு சொல்லியிருக்கீங்க. அதுலேர்ந்து அக்கா கிளம்பினதும்" என்றபோது ரபியா அற்புதமேரியை மேடம் என்று சொல்ல மறந்திருந்தாள், "ஈவா எந்திரிச்சு, கதவுச் சங்கிலியப் போட்டுட்டு, லைட்டப் போட்டுட்டு, யூனிஃபார்மோட சோபாவுல உக்காந்திருக்கா. ஸ்கூல் நேரம் வரைக்கும். சில நாள் அங்கேயே கண்ணசந்து லேட்டாகுது. கிளாஸ்ல தூங்குறது அதனாலதான்."

அற்புதமேரிக்கு வேன் ஞாபகம் வந்தது. அதில் சன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே கிராஞ்சி போய்ச் சேர்வாள். தான் தூங்கிய அதே நேரத்தில் இங்கே ஒரு பிள்ளை விழித்துக்கொண்டு கதவைக் காவல் காத்திருக்கிறது. அழக் கூடாது என்று மேசை விளிம்பைப் பிடித்தாள்.

"சாவியக் குடுங்க மதினி."

"மேரி..."

"குடுங்க."

கேட்லின் கைப்பையைத் துழாவி, வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்ற முயன்றாள். நகம் வழுக்கியது. அற்புதமேரி எழுந்து போய் வளையத்தை வாங்கி, தானே கழற்றி எடுத்து, மற்றச் சாவிகளை அவள் கையில் திருப்பி வைத்தாள்.

"காலையில புள்ள தனியா இருக்கிறது பிரச்சினைதான்" என்றாள் ரபியா. "அத நான் விட முடியாது அக்கா."

"விடாதீங்க. அது என் தப்பு, நான் சரி பண்றேன். என் மூஞ்சிக்கு நேரா என்ன வேணா சொல்லுங்க. ஆனா நீங்களும் அவங்களும் எனக்குப் பின்னால பேசுறத மட்டும் விட்டுருங்க. கையெழுத்துப் போட மாட்டேன். புள்ள என்கூட வருவா."

ரபியா அவளையே பார்த்தாள். பிறகு வெளியே போய் யாருடனோ கைபேசியில் நெடுநேரம் பேசினாள். திரும்பி வந்து, காலையில் வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும், திங்கட்கிழமை வந்து பார்ப்பேன், என்றாள். அவ்வளவுதான்.

பகல் வேலைக்கு மாற்றச் சொன்னதும் மருதப்பன் தலையில் அடித்துக்கொண்டார். காலை வரிசையில் கை பழகியவளை எடுத்துவிட்டால் லாரி எப்படிப் போகும்? பகலில் இருக்கும் ஒரே வேலை அண்டா கழுவுவது.

"அதைக் குடுங்க."

"சம்பளம் கம்மி மேரிம்மா. கையெல்லாம் சோப்புல வெந்துரும்."

"வேகட்டும்ண்ணே."

ஈவாவைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டுப் பேருந்து பிடித்துப் போனாள். ஆள் உள்ளே இறங்கி நின்று தேய்க்க வேண்டிய அண்டாக்கள். அடிப்பிடித்த சாம்பாரைச் சுரண்டிச் சுரண்டி நகம் தேய்ந்தது. சாயங்காலம் திரும்பி வந்து மகளோடு உட்கார்ந்து ஏதாவது ஒரு வேலை செய்தபடி, பதில் தெரியாத கேள்வி ஒன்று கேட்பாள். முதல் நாட்களில் ஈவா, "ஏன் மா இதெல்லாம் கேக்குறீங்க, ஸ்கூல்ல சொல்லச் சொன்னாங்களா?" என்றாள். பிறகு மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினாள்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் கேட்லின் அவளிடம் வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். "நான் அவளப் பாக்க வரலாமா?"

"பெல் அடிச்சிட்டு வாங்க மதினி" என்றாள் அற்புதமேரி. "அவ வந்து தொறப்பா."

ரபியா வாக்குப்படி வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் பள்ளியும் ரபியா தரப்பும் கலந்து பேசும் கூட்டம் ஒன்று இருப்பதாக ஈவா சொல்லித்தான் தெரிந்தது. பெற்றோருக்கு அழைப்பில்லை, அதிகாரிகளுக்குள் நடப்பது. அந்த நாளில் அற்புதமேரி வேலையிலிருந்து நேராகப் போனாள். உடம்பில் சோப்பும் புளியும் கலந்த வாடை. கதவைத் தட்டிவிட்டுத் திறந்தாள். ரபியாவும் மிஸ் டானும் நிமிர்ந்தார்கள்.

"அக்கா, இது எங்களுக்குள்ள ஒரு அப்டேட். உங்களைக் கூப்பிடலையே."

"தெரியும்." சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க பேசுங்க."

ரபியாவும் மிஸ் டானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிஸ் டான் மெல்லத் தலையசைத்தாள். ரபியா, ஆவணக் கோப்பைத் திருப்பி அவளுக்கும் தெரியும்படி வைத்து, முதலிலிருந்து தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். ஈவா இப்போது வகுப்பில் தூங்குவதில்லை, தாமதமில்லை. ஆனால் இரண்டு வாரமாக ஓய்வு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், பழைய தோழியோடு சேர்வதில்லை, காரணம் கேட்டால் சொல்ல மறுக்கிறாள்.

"உங்களுக்கு ஏதாவது தெரியுமா அக்கா?"

"தெரியும்."

மிஸ் டான் பேனாவை எடுத்தாள்.

"முந்தாநாள் சொன்னா. இங்க வர்றேன்னு சொல்லிட்டு, அவங்ககிட்ட சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டா." அற்புதமேரி வெந்து சுருங்கிய கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "ஆபத்து ஒண்ணுமில்ல. ஆபத்துன்னா நானே ஃபோன் பண்ணுவேன். இது அவளுக்கும் அவ கூட்டாளிக்கும் உள்ளது."

"எங்களுக்குத் தெரிஞ்சா ஹெல்ப் பண்ணலாமே" என்றாள் ரபியா.

"அவகிட்டயே கேளுங்க. சொல்லணும்னா சொல்லுவா. நான் சொல்ல மாட்டேன்."

மிஸ் டான் பேனாவை மேசையில் வைத்தாள். வெளியே மணி அடித்து, பிள்ளைகள் படிகளில் இறங்கும் சத்தம் கேட்டது.

"அடுத்தது பேசுங்க" என்றாள் அற்புதமேரி.